போன அன்றே திரும்பும் ஊர்



கொரியாவில் ஒரு கடற்கரை ஊருக்குக் காலையில் போய், பார்த்து, சாப்பிட்டு, இரவுக்குள் திரும்புவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாப்பாட்டைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள் என்றும் சொன்னார்கள். அந்தக் கட்டளையை நான் மீறப்போவதில்லை. அப்பா, அம்மா என்று அங்கேயும் சொல்கிறார்களாமே என்று யாராவது கேட்கக் காத்திருந்தால், அதை மட்டும் இன்று விட்டுவிடுவோம். அதில் இறங்கினால் சாப்பாடு ஆறிப்போகும்.

ஊரின் பெயர் சொக்சோ. தென்கொரியாவின் வடகிழக்கு மூலையில், கிழக்குக் கடலை ஒட்டி இருக்கிறது. பின்னால் சியோராக் மலை, முன்னால் கடல், நடுவில் இரண்டு ஏரிகள். சியோலில் காலைப் பேருந்து பிடித்தால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். 2017இல் சியோல் – யாங்யாங் விரைவுச் சாலை திறந்தபிறகு வந்த வசதி இது. அந்தச் சாலையில் மலையைக் குடைந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் போட்டிருக்கிறார்கள். கொரியாவின் மிக நீளமான சாலைச் சுரங்கம் அதுதான். உள்ளே போகும்போது மலை நாடு, வெளியே வரும்போது கடல் நாடு. முன்பெல்லாம் கணவாய்ப் பாதையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கவேண்டும். பனி விழுந்தால் அதுவும் இல்லை. இன்று சியோல்காரர்களுக்கு சொக்சோ என்பது போன அன்றே திரும்பிவிடும் ஊர்.

போன அன்றே திரும்பும் ஊர். இந்த மாலை முழுவதும் இந்தச் சொற்களைத்தான் நான் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன். ஏனென்றால், சொக்சோவில் நம் தட்டில் விழுகிற உணவில் பெரும்பகுதியைச் சமைக்கத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள். திரும்ப முடியாமல் போனவர்கள்.

முதலில் மலையை முடித்துவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டிய வேலை அது.

சியோராக் தேசியப் பூங்காவின் வாயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பெரிய வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். 14.6 மீட்டர் உயரம், 1997இல் முடித்தார்கள். ஒன்றிணைப்புப் புத்தர் என்று அவருக்குப் பெயர். பிரிந்த நாடு சேரவேண்டும் என்ற வேண்டுதலோடு எழுப்பிய சிலை. பக்கத்தில் சின்ஹுங்சா என்ற பழைய கோயில். கம்பிவட ஊர்தியில் ஏறினால் சில நிமிடங்களில் உச்சிப் பாறைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து கடல் தெரியும், ஊர் தெரியும். படம் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நான் நின்று பேச விரும்புவது உல்சான் பாறையைப் பற்றி. ஆறு சிகரங்கள் சேர்ந்த ஒரே கருங்கல் சுவர் அது. அதற்கு ஒரு கதை உண்டு. இன்று வடகொரியாவில் இருக்கும் கும்காங் மலையைப் படைத்தவர், நாட்டில் உள்ள அழகான பாறைகள் எல்லாம் வடக்கே வாருங்கள், பன்னிரண்டாயிரம் சிகரம் அமைக்கப்போகிறேன் என்று அழைத்தாராம். தெற்குக் கோடியில் உல்சானில் இருந்த இந்தப் பாறையும் கிளம்பியது. உடம்பு பெரிது, நடை மெதுவு. சியோராக் வரும்போதே, பன்னிரண்டாயிரமும் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்துவிட்டது. முன்னே போக இடமில்லை. திரும்பிப் போக வெட்கம். அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கதை அதோடு நிற்கவில்லை. உல்சான் ஊர் அதிகாரி விடுவாரா? எங்கள் பாறையை உங்கள் மலையில் வைத்திருக்கிறீர்கள், வாடகை கொடுங்கள் என்று கோயிலுக்கு ஆண்டுதோறும் வந்து நின்றாராம். கொடுத்துக் கொடுத்துக் கோயில் ஏழையாகிவிட்டது. ஓர் ஆண்டு, ஒரு சின்னப் பையன், குட்டித் துறவி, முன்னே வந்து சொன்னான்: இனி வாடகை கிடையாது, உங்கள் பாறையை எடுத்துக்கொண்டு போங்கள், இந்த இடத்தில் நாங்கள் பயிர் வைக்கவேண்டும். அதிகாரி யோசித்தார். சாம்பலால் கயிறு திரித்துக் கட்டிக் கொடு, இழுத்துக்கொண்டு போகிறேன் என்றார். பையன் என்ன செய்தான்? ஏரிக்கரைப் புல்லை வெட்டிக் கயிறாகத் திரித்து, பாறையைச் சுற்றிக் கட்டி, தீ வைத்தான். கயிறு எரிந்தது, சாம்பல் கயிறு பாறையைச் சுற்றி அப்படியே நின்றது. அதிகாரி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

வடக்கே போகக் கிளம்பி, சொக்சோவில் உட்கார்ந்துவிட்ட பாறை. இதை மனத்தில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மலையை விட்டு இறங்குவோம். பசிக்கிறது.

ஊருக்குள், சியோங்சோ ஏரி கடலோடு சேரும் வாயில் ஒரு படகு இருக்கிறது. கெட்பே என்பார்கள். எந்திரம் இல்லை, துடுப்பு இல்லை, பாய் இல்லை. தண்ணீருக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பிவடம். படகில் சதுரமாக ஒரு பலகை மேடை. ஆளுக்கொரு இரும்புக் கொக்கியை வாங்கி, வடத்தில் மாட்டி, இழுத்துக்கொண்டே பின்னால் நடக்கவேண்டும். நீங்கள் நடக்க நடக்கப் படகு முன்னே போகும். பயணச்சீட்டும் வாங்கவேண்டும், படகையும் நாமே இழுக்கவேண்டும்! சில நிமிடத்தில் அக்கரை. அக்கரையில்தான் அபாயி கிராமம்.

அபாயி என்றால் அபாயம் இல்லை, பயப்படாதீர்கள். ஹம்கியோங் வட்டார வழக்கில் அப்பாவை, வயதில் மூத்த ஆணை அப்படி அழைப்பார்கள். ஹம்கியோங் இன்று வடகொரியாவில் இருக்கிறது. அப்படியானால் தென்கொரியக் கடற்கரையில் ஒரு தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

1950ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்குப் போகவேண்டும். கொரியப் போரில் சீனப் படை இறங்கிவிட்டது. அமெரிக்கப் படையும் தென்கொரியப் படையும் வடகிழக்கிலிருந்து பின்வாங்குகின்றன. ஹுங்நாம் துறைமுகத்தில் படைகளைக் கப்பல் ஏற்றுகிறார்கள். கரையில் பொதுமக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பனியில் நிற்கிறார்கள். மெரிடித் விக்டரி என்று ஒரு சரக்குக் கப்பல். மாலுமிகள் போக 12 பயணிகளுக்கு இடம் உள்ள கப்பல் அது. எத்தனை பேரை ஏற்றிக்கொண்டது? 14,000 பேரை! சரக்கு அடுக்கும் தளங்களில், தளத்துக்குத் தளம், நின்ற மேனிக்கு. உணவு இல்லை, போதிய தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. கிறிஸ்துமஸ் நாளில் கொஜே தீவை அடைந்தபோது எண்ணிக்கை கூடியிருந்தது: வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்திருந்தன. பின்னாளில் தென்கொரியக் குடியரசுத் தலைவரான மூன் ஜே-இன்னின் பெற்றோர் அந்தக் கப்பலில் வந்தவர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கப்பலிலும் மீன்படகிலும் கால்நடையாகவும் தெற்கே இறங்கிய ஹம்கியோங் மக்கள் என்ன நினைத்தார்கள்? சில நாள். மிஞ்சினால் சில வாரம். போர் முனை மறுபடி வடக்கே நகரும், நாமும் பின்னாலேயே போய்விடலாம். அதனால் பலர் தெற்கிலேயே தங்கவில்லை. எல்லைக்கு எவ்வளவு அருகில் போகமுடியுமோ அவ்வளவு அருகில் வந்து காத்திருந்தார்கள். அப்படி வந்து நின்ற இடம் சொக்சோ. அந்த ஊருக்கே ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 38ஆவது இணைகோட்டுக்கு வடக்கே இருப்பதால், 1945இலிருந்து போர் தொடங்கும்வரை அது வடகொரிய ஊர். போர் முனை நகர்ந்ததில் தென்கொரியாவுக்கு வந்து சேர்ந்தது. மக்கள் மட்டும் அல்ல, ஊரே நாடு மாறிய ஊர் அது.

வந்தவர்களுக்கு நிலம் யார் கொடுப்பார்? ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு, உரிமை கேட்க ஆள் இல்லாதது. அதில் குடிசை போட்டார்கள். கிணறு வெட்டினால் உப்பு. பெரிய அலை அடித்தால் வீடு இல்லை. பரவாயில்லை, நாலு நாள்தானே! ஒரே ஊர்க்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தார்கள். சின்போ ஊரார் இருந்த இடம் சின்போ கிராமம், ஹொங்வோன் ஊரார் இருந்த இடம் ஹொங்வோன் கிராமம், தன்சோன் ஊராருக்குத் தன்சோன் கிராமம். விட்டுவந்த கடற்கரையையே ஒரு மணல்திட்டில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த ஒப்பந்தம் ஆனது. கோடு விழுந்தது. நாலு நாள் நின்றுவிட்டது.

இப்போது சாப்பிட உட்காருவோம்.

முதல் தட்டு, அபாயி சுண்டே. பன்றியின் பெருங்குடலை உப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அதற்குள் ஒட்டரிசி, இரத்தம், கீரை, வெங்காயத்தாள், பூண்டு, சோயா விழுது எல்லாம் திணித்து ஆவியில் வேகவைத்து, வில்லை வில்லையாக அரிந்து வைப்பார்கள். முகம் சுளிக்காதீர்கள், குடல் குழம்பும் இரத்தப் பொரியலும் ஞாயிற்றுக்கிழமை மரியாதை பெறுகிற ஊர்தான் நம்முடையது. சியோல் தெருக்கடைகளில் விற்கும் சுண்டே மெலிந்த குடலில் பெரும்பாலும் சேமியாவை அடைத்தது. அதைச் சாப்பிட்டவர்கள் இதைச் சாப்பிட்டால் வித்தியாசம் தெரியும். இது தடிமன், கனம், அரிசியின் ஒட்டல். ஹம்கியோங்கில் விசேஷ நாள் உணவு. பன்றி அடித்தால்தானே குடல்?

மணல்திட்டில் பன்றிக்கு எங்கே போவது? கையில் இருந்தது கடல். கடலில் அன்றைக்குக் கொள்ளை கொள்ளையாகக் கணவாய். குடலுக்குப் பதில் கணவாய் உடலையே பையாக்கி, அதற்குள் அரிசியையும் காய்கறியையும் அடைத்து வேகவைத்து, அரிந்து, முட்டையில் தோய்த்து வாட்டினார்கள். அது கணவாய்ச் சுண்டே. அந்த யோசனையும் புதிதல்ல; ஹம்கியோங்கில் குளிர்காலத்தில் மியோங்தே மீனுக்குள் இதேபோல அடைத்துச் சமைக்கிற வழக்கம் இருந்தது. பை மாறியது, கை மாறவில்லை. இன்று சொக்சோ வரும் பயணிகளில் பலர் முதலில் தேடுவது இந்தக் கணவாய்ச் சுண்டேயைத்தான்.

அடுத்தது நூடுல்ஸ். ஹம்ஹுங் நெங்மியோன். ஹம்ஹுங், ஹம்கியோங்கின் பெரிய நகரம். கிழங்கு மாவில் பிழிந்த நூல் அது. மெல்லியது, ஆனால் பல்லுக்கு அடங்காது. அதனால்தான் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிடுகிறார்கள். குளிர்ந்த நூலின்மேல் காரமும் புளிப்புமாகப் பிசைந்த பச்சை மீன். ஹம்ஹுங்கில் அந்த மீன் தட்டை மீன். சொக்சோவில் பிறகு அந்த இடத்துக்கு மியோங்தே வந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சிக்கே வைத்தால் விடாதீர்கள். தட்டை மீனை வேகவைத்த தினையோடும் மிளகாய்த் தூளோடும் கலந்து புளிக்கவிட்ட ஊறல் அது. ஆமாம், நம் தினையேதான். மீனோடு தினையைப் புளிக்கவைக்கலாம் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை?

மியோங்தே, மியோங்தே என்கிறேனே, அந்த மீனுக்கு ஒரு நிமிடம் தரவேண்டும். கொரியர்களின் சடங்குத் தட்டில் இடம்பெறும் மீன் அது. பச்சையாக இருந்தால் ஒரு பெயர், உறையவைத்தால் ஒரு பெயர், காயவைத்தால் ஒரு பெயர், குஞ்சுக்கு ஒரு பெயர். சொக்சோவுக்கு மேலே, இஞ்சே மலைப்பகுதியின் யோங்தே கிராமத்தில், குளிர்காலம் முழுக்க அதைப் பரண்களில் தொங்கவிடுகிறார்கள். இரவில் உறையும், பகலில் உருகும், மறுபடி உறையும். மாதக்கணக்கில் இப்படி ஆடி ஆடி மஞ்சள் நிறத்தில் பஞ்சுபோல ஆனால் அதற்கு ஹ்வாங்தே என்று பெயர். அந்தத் தொழிலையும் தெற்கே கொண்டுவந்தவர்கள் ஹம்கியோங் அகதிகள்தான்.

ஆனால் அந்த மீன் இன்று அந்தக் கடலில் இல்லை! 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு லட்சம் டன்னையும் தாண்டி அள்ளினார்கள். 1970இல் குஞ்சு பிடிப்பதற்கு இருந்த தடையை நீக்கிவிட்டார்கள். குஞ்சு வறுவல் பீர்க்கடைகளில் நல்ல விலைக்குப் போனது. கடலும் சூடானது. 2000களின் இறுதியில் பிடிப்பு ஏறத்தாழப் பூஜ்யம். 2019 முதல் தென்கொரியா மியோங்தே பிடிப்பதையே முற்றாகத் தடைசெய்துவிட்டது. இன்று யோங்தேயில் தொங்குவதும் நூடுல்ஸ் கிண்ணத்தில் இருப்பதும் பெரும்பாலும் ரஷ்யக் கடல் மீன். கணவாயும் அண்மை ஆண்டுகளில் அருகிவருகிறது. அதனால், இந்தப் பண்டத்தின் அசல் எது என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். பை மாறியது, மீன் மாறியது, மீனின் நாடே மாறியது. பிசைகிற கைப்பக்குவம் மட்டும் மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போயிருக்கிறது. எனக்கு அதுவே அசல்.

அபாயி கிராமத்துக்குக் கூட்டம் வந்தது எப்போது? 2000ஆம் ஆண்டில், 'கா-உல் தொங்ஹ்வா' என்ற தொலைக்காட்சித் தொடர் இங்கே படமான பிறகு. அதில் சோங் ஹே-கியோ நடித்த நாயகியின் வீடு என்று இன்றைக்கும் ஒரு கடைக்குமுன் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். அந்தக் கூட்டம் வந்ததால்தான் இந்தக் கடைகள் நின்றன. ஆனால் கூரையைத் தொட்டுவிடலாம் போன்ற அந்தச் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே நடக்கமுடியாது. ஏன் இவ்வளவு நெருக்கிக் கட்டினார்கள் என்று கேட்காமல் திரும்பிவிட்டால், டிக்கெட் எடுத்தது வீண்.

நண்பர்களே, நாம் மாலையில் திரும்பிவிடுகிறோம். அவர்களில் யாராவது திரும்பினார்களா?

போர் அகதி அல்ல, ஆனாலும் வடக்கே பிறந்த ஒருவரைச் சொல்கிறேன். சொக்சோவிலிருந்து கரையோரமாக வடக்கே போனால், எல்லைக்கு அப்பால் தோங்சோன் வட்டாரம். அங்கே 1915இல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்த பையன், அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ஓடினான். பெயர் சோங் ஜூ-யோங். அவர் தொடங்கியது ஹூண்டாய். இந்த அரங்கத்தின் வாசலில் நிற்கும் கார்களில் எத்தனையில் அந்தப் பெயர் இருக்கிறது என்று போகும்போது பாருங்கள். 1998 ஜூன் மாதம், 82 வயதில், அவர் லாரிகளில் 500 மாடுகளை ஏற்றிக்கொண்டு பன்முன்ஜொம் வழியாக வடகொரியாவுக்குள் போனார். அக்டோபரில் 501 மாடுகள். மொத்தம் 1001. அப்பாவின் ஒரு மாட்டுக்கு வட்டியும் முதலும்! அதே 1998இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் உருண்டு வெளியே வந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் ஹூண்டாய் கும்காங் மலைக்குச் சுற்றுலாக் கப்பல் விட்டது. அந்தச் சுற்றுலா பத்தாண்டுகூட நிறையவில்லை. 2008 ஜூலையில் ஒரு தென்கொரியப் பெண் பயணியை வடகொரியக் காவல் வீரர் சுட்டுக் கொன்றபிறகு நின்றுபோனது.

ஆயிரம் மாடு இல்லாதவர்களுக்கு? அவர்களுக்குக் குலுக்கல். 2000இலிருந்து இரு அரசுகளும் பிரிந்த குடும்பங்களைச் சந்திக்கவைத்தன. தெற்கில் மட்டும் 1,30,000க்கும் மேற்பட்டவர்கள் பெயர் பதிந்தார்கள். ஒரு சுற்றுக்கு நூறு குடும்பம் அளவில் கணினிக் குலுக்கலில் எடுப்பார்கள். கடைசிச் சுற்று 2018 ஆகஸ்டில் கும்காங் மலையில். தெற்கிலிருந்து போகிறவர்கள் முதல்நாள் எங்கே கூடினார்கள்? சொக்சோவில். அங்கே ஒரு விடுதியில் தங்கி, விடிந்ததும் பேருந்து ஏறி வடக்கே போனார்கள். மூன்று நாள் சந்திப்பு. சேர்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் அரைநாள்தான். அந்த முறை ஒரு சலுகை செய்தார்கள். பொதுக் கூடத்தில், எல்லோர் கண்முன்னே, என்று மட்டும் இல்லாமல், ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் அறைக்குள் குடும்பத்தோடு தனியாகச் சாப்பிட விட்டார்கள். பொட்டலச் சாப்பாடு. அறுபத்தைந்து ஆண்டுக்கும் மேல் பிரிந்திருந்தவர்கள் கேட்டது ஒரு கதவும் ஒரு வேளைச் சோறும்!

அதற்குப் பிறகு சந்திப்பு நடக்கவில்லை. அந்தச் சந்திப்புக் கட்டடத்தை வடகொரியா இடித்துவருகிறது என்று 2025 பிப்ரவரியில் தென்கொரிய அரசு அறிவித்தது. பெயர் பதிந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது உயிரோடு இல்லை. மணல்திட்டில் கடை நடத்துவது மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். பெரியவர் எந்த ஊர் என்று கேளுங்கள். தன்சோன் என்றோ புக்சோங் என்றோ, தாங்கள் பார்த்தே இராத ஊரைச் சொந்த ஊராகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சிக்கே வைப்பார்கள். இரண்டும் உடனே நடக்கும்.

மாலையில் அதே கொக்கிப் படகில் இக்கரைக்கு வந்து மீன் சந்தைக்குள் நுழையுங்கள். சிவப்பு நண்டு, உயிரோடு துள்ளும் மீன், எல்லாவற்றையும் தாண்டி ஒரு நீண்ட வரிசை தெரியும். அது டக்-கங்ஜொங் வரிசை: பொரித்த கோழியை இனிப்பும் காரமுமான பாகில் புரட்டி அட்டைப்பெட்டியில் அடைத்துக் கொடுப்பது. ஆறினாலும் மொறுமொறுப்பு போகாது என்பதால் பேருந்துக்கு ஏற்றது. இதற்கும் அகதிகளுக்கும் சம்பந்தமில்லை; பாகும் கோழியும் ருசியாக இருக்கின்றன, அவ்வளவுதான். வார இறுதியானால் கடைசிப் பேருந்தை நம்பாதீர்கள். இடம் நிறைந்துவிடும். போகும்போதே திரும்பும் சீட்டையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி நேரத்துக்கு வருகிறேன். முன்வரிசையில் ஓர் அம்மா வெகுநேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார்; என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். சைவமா, அம்மா? ஹக்சாப்யோங் என்று ஊருக்கு மேற்கே ஒரு சிற்றூர் இருக்கிறது, அங்கே தெருவே டோஃபு தெரு. சோயாப் பாலைத் திரியவைத்து, பிழியாமல், துணியில் கட்டாமல், கிண்ணத்தில் அப்படியே ஊற்றிக் கொடுப்பார்கள். சோயாச் சாற்றை மேலே விட்டுச் சாப்பிடலாம். ஆனால் கூடவே பத்துக் கிண்ணம் வைப்பார்கள். அதில் ஏதாவது ஒன்றில் நெத்திலி இருக்கும். கிம்ச்சியிலும் மீன் சாறு கலந்திருக்கும். உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.